ஊமைப் படமும் வாயில்லா ஜீவனும்

சென்ற ஆண்டு மார்கழி மாதத்தில் ஒரு மாலை, மயிலாப்பூர் லஸ் முனையில் நடைபாதைப் பழைய புத்தகக் கடையொன்றில் நின்று ஐரோப்பிய வரலாற்று நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதன் நடுவிலிருந்து ஓர் அட்டை நழுவிக் காலடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். வெளிநாட்டில் அச்சான பிறந்தநாள் வாழ்த்தட்டை. முகப்பில் வண்ணம் ஏதுமில்லாத கறுப்பு வெள்ளைப் புகைப்படம். தட்டையான தொப்பி அணிந்த ஒரு மனிதர். அவரை ஒட்டி ஒரு பசு. மனிதர் முகத்திலும் சிரிப்பில்லை, பசுவின் முகத்திலும் சிரிப்பில்லை. நெடுநாள் பழகிய இரண்டு பேர் பேருந்துக்குக் காத்திருப்பது போல நின்றார்கள். உள்ளே யாரோ யாருக்கோ எழுதிய இரண்டு வரி வாழ்த்து. கடைக்காரர் அட்டைக்கென்று தனியாகக் காசு வாங்கவில்லை. "புத்தகத்தோட வந்தது, புத்தகத்தோடயே போகட்டும் தம்பி" என்றார்.

சிரிக்காத முகத்தோடு உலகத்தைச் சிரிக்க வைத்த பஸ்டர் கீட்டன்தான் அந்த மனிதர். படம் 1925ஆம் ஆண்டு வெளிவந்த 'கோ வெஸ்ட்'. பசுவின் பெயர் பிரௌன் ஐஸ். நாதியற்ற இளைஞன் ஒருவன் மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்கிறான். மனிதர் யாரும் அவனோடு ஒட்டவில்லை. ஒரு பசு மட்டும் ஒட்டிக்கொள்கிறது. அதை இறைச்சிக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் காப்பாற்றப் புறப்படுகிறான். முடிவில், என்ன வேண்டும் கேள் என்கிறார் பண்ணைக்காரர். 'அவள்தான் வேண்டும்' என்று கை நீட்டுகிறான். பண்ணைக்காரரின் மகளைக் கேட்கிறான் என்று எல்லோரும் நினைக்க, அவன் கேட்டதோ பசுவை!

அட்டையை எங்கள் துறைப் பேராசிரியரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "மாடும் சினிமாவும் நம்மகிட்ட இல்லாததா? நம்ம ஊமைப் பட நடிகர் யாராவது இப்படி மாட்டோட நிக்கற வாழ்த்து அட்டை இருக்கான்னு தேடிப் பாருப்பா" என்றார். அந்தத் தேடலில் கிடைத்ததும் கிடைக்காததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

பேச்சில்லாத இரு நடிகர்கள்

மேல்நாட்டு ஊமைப் பட நடிகர்கள் நாயோடும் குதிரையோடும் ஏன் இத்தனை புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்? விளம்பரத்துக்காக என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். மடியில் ஒரு நாய்க்குட்டி இருந்தால் போதும், எட்டாத உயரத்தில் மின்னும் நட்சத்திரமும் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது போலத் தோன்றும். இது உண்மைதான். ஆயினும் இதற்கு அடியில் வேறொரு காரணமும் இருப்பதாக நான் எண்ணுகிறேன். மிருகங்களை நாம் வாயில்லா ஜீவன் என்கிறோம். ஊமைப் படத்தில் மனிதனும் வாயில்லா ஜீவன்தானே! கண்ணாலும் கழுத்தாலும் நடையாலும் ஓட்டத்தாலும்தான் அவனும் தன்னை உணர்த்த வேண்டும். ஆகவே அந்த வெள்ளைத் திரையில் நாயும் மனிதனும் சரிநிகர் நடிகர்கள். சார்லி சாப்ளினின் 'எ டாக்ஸ் லைஃப்' (1918) படத்தில் வேலையற்ற நாடோடிக்கும் தெருநாய்க்கும் பசி ஒன்று, விரட்டும் உலகம் ஒன்று. யார் யாருக்குத் துணை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நாயே நட்சத்திரமான கதையும் உண்டு. 1918 செப்டம்பரில், முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், பிரான்சு நாட்டில் குண்டுவீச்சுக்கு இரையான ஒரு நாய்ப் பண்ணையில் பிறந்து சில நாளே ஆன குட்டிகளை லீ டங்கன் என்ற அமெரிக்கப் படைவீரர் கண்டெடுத்தார். அவற்றுள் ஒன்றுதான் ரின் டின் டின். 1923இல் வெளிவந்த 'வேர் தி நார்த் பிகின்ஸ்' படம் முதற்கொண்டு வார்னர் சகோதரர்களின் நிறுவனத்துக்கு அது பணத்தைக் கொட்டிக் கொடுத்தது. ரசிகர்களுக்கு அனுப்பப்பட்ட அதன் புகைப்படங்களில், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பாதத் தடம் பதிக்கப்பட்டிருக்கும். பின்னர் பேசும் படம் வந்தது. 1929 இறுதியில் அதே நிறுவனம் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. நாய்கள் பேசுவதில்லை என்பதே அவர்கள் எழுத்தில் சொன்ன காரணம்!

இதே நெருக்கடி நம் நாட்டிலும் நேர்ந்தது. பம்பாய் ஊமைப் படங்களின் அரசி சுலோசனா. ரூபி மையர்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட அவருக்குப் பேசும் படம் வந்த நாளில் இந்துஸ்தானி சரளமாக வரவில்லை. சில காலம் ஒதுங்கியிருந்து மொழியைக் கற்று, தம் ஊமைப் படமான 'மாதுரி'யையே 1932இல் பேசும் படமாக்கித் திரும்பி வந்தார். மனிதருக்கு அந்த வழி இருந்தது. ரின் டின் டின்னுக்கு இல்லை.

மெட்ரோ கோல்ட்வின் மேயர் படங்களின் தொடக்கத்தில் வரும் சிங்கத்தை நாம் அனைவரும் அறிவோம். 1924இல் முதன்முதலில் வந்த சிங்கத்தின் பெயர் ஸ்லாட்ஸ். அது கர்ஜித்ததே இல்லை. அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். 1928இல் ஜாக்கி என்ற சிங்கம் வந்தபோதுதான் ஒலி சேர்ந்தது. ஸ்லாட்ஸின் பதப்படுத்திய தோல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், மெக்பெர்சன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இச்செய்தியை நினைவில் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தியாகராய நகருக்கு வரும்போது மறுபடியும் தேவைப்படும்.

இப்படங்களை அட்டையாக அச்சிட்டு விற்பது மேல்நாட்டில் தனித் தொழிலாகவே வளர்ந்தது. பெர்லினில் ஹைன்ரிக் ராஸ் நடத்திய ராஸ் பதிப்பகம் நடிக நடிகையரின் அட்டைகளை ஆயிரக்கணக்கான வகைகளில் வெளியிட்டது. அவர் யூதர் என்பதனால் நாஜி ஆட்சியில் அந்தத் தொழில் அவர் கையைவிட்டுப் போயிற்று. அட்டைகள் மட்டும் இன்றும் உலகெங்கும் சேகரிப்போர் கையில் சுற்றி வருகின்றன. இதில் அடங்கியிருக்கும் உண்மை சிந்திக்கத்தக்கது. அமெரிக்க ஊமைக் கதைப் படங்களுள் ஏறத்தாழ 70 விழுக்காடு முற்றிலும் அழிந்துவிட்டன என்று அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. தீடா பாரா என்ற நடிகையின் 'கிளியோபாட்ரா' (1917) படத்தில் இன்று எஞ்சியிருப்பது மிகச் சிறு துணுக்கே. 1937இல் படச்சுருள் கிடங்கில் பிடித்த தீயில் அவர் படங்களில் பெரும்பாலானவை போயின. ஆனால் கிளியோபாட்ரா வேடத்தில் அவர் முகம் நமக்குத் தெரியும். படச்சுருள் எரிந்தது; அட்டையும் விளம்பரப் புகைப்படமும் எரியவில்லை.

சென்னையில் அட்டை இருந்தது, நட்சத்திரம் இல்லை

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் அஞ்சல் அட்டை 1879ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படம் அச்சிட்ட அட்டைகள் பெருகின. மவுண்ட் ரோடு ஹிக்கின்பாதம்ஸ் புத்தக நிறுவனமும், வீலே அண்டு கிளைன் என்ற புகைப்பட நிலையமும் சென்னைக் காட்சிகளை இவ்வாறு வெளியிட்டன. 2018இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில், சென்னை, பெங்களூர் நகரங்களைக் காட்டும் பழைய அட்டைகளைக் கொண்டு ஒரு கண்காட்சியே நடந்தது. மாட்டு வண்டியும் ஜட்கா வண்டியும் இத்தகைய அட்டைகளுக்கு வாடிக்கையான காட்சிகள். கவனியுங்கள்: மிருகம் அட்டைக்கு வந்துவிட்டது. அருகில் நிற்கும் மனிதனும் வந்துவிட்டான். அவன் பெயரில்லாத வண்டிக்காரன். துரைமார்கள் சீமைக்கு எழுதி அனுப்புவதற்காக அச்சானவை அல்லவா? வண்டிக்காரனின் பெயர் யாருக்கு வேண்டும்!

அதே மவுண்ட் ரோட்டில் 1913இல் வார்விக் மேஜர் என்பவர் எலெக்ட்ரிக் தியேட்டரைக் கட்டினார். சென்னையின் தொடக்க காலத் திரையரங்குகளில் அது ஒன்று. இரண்டே ஆண்டுகளில், 1915இல், அஞ்சல் துறை அதை விலைக்கு வாங்கியது. இன்றைய அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் அஞ்சல்தலைச் சேகரிப்போருக்கான பிரிவு இயங்கிவருவது அந்தப் பழைய கொட்டகையில்தான். சென்னையில் ஊமைப் படமும் அஞ்சலும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்திருக்கின்றன. ஆயினும் ஊமைப் பட நடிகர் அஞ்சல் அட்டையில் ஏறவில்லை.

படங்கள் இல்லாமலா போயின? ஆர். நடராஜ முதலியார் கீழ்ப்பாக்கத்தில் மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்புத் தளம் அமைத்து, தென்னிந்தியாவின் முதல் கதைப் படமான 'கீசக வத'த்தை எடுத்தார். ஆண்டு 1917 என்றும் 1918 என்றும் கூறுவர். அதைத் தொடர்ந்து அவர் எடுத்த புராணப் படங்களுள் ஒன்று 'காளிங்க மர்த்தனம்'. ரகுபதி வெங்கையாவின் ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட் நிறுவனம் 'கஜேந்திர மோட்சம்' எடுத்தது. ஏ. நாராயணனின் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் 1929இல் 'கருட கர்வ பங்கம்' எடுத்தது. பாம்பு, யானை, கருடன் என்று தலைப்புகளிலேயே மிருகமும் பறவையும் நிறைந்திருக்கின்றன. புதுக்கோட்டையில் பிறந்த மல்லர் பி. கே. ராஜா சாண்டோ பம்பாய் சென்று பெரும்புகழ் பெற்று, பின்னர் சென்னைக்குத் திரும்பி 1930இல் 'அனாதைப் பெண்', 'நந்தனார்' ஆகியவற்றை இயக்கினார். நடிகருக்கும் பஞ்சமில்லை, மிருகத்துக்கும் பஞ்சமில்லை. 'கீசக வத'த்தில் கீசகனாக நடித்தவர் ராஜு முதலியார் என்றும், திரௌபதியாக நடித்தவர் ஜீவரத்தினம் என்றும் நூல்களில் படிக்கிறோம். அவர்கள் முகத்தைத் தாங்கிய அட்டை ஒன்றையும் நான் காணவில்லை.

காரணங்களை எண்ணிப் பார்த்தேன். வெளிநாட்டுப் படங்களே அன்று கொட்டகைகளை நிரப்பியிருந்தன. நம் நிறுவனங்களில் பல சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. சினிமாவில் நடிப்பவரை, அதிலும் பெண்களை, மதிக்காத காலம் அது; அப்படியொரு முகத்தை அச்சிட்டு 'வாழ்க வளமுடன்' என்று எழுதி உறவினருக்கு அனுப்ப யார் துணிவார்கள்? இவை எல்லோரும் சொல்லும் காரணங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நம் மக்கள் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொண்ட முதல் சினிமாக் காகிதம் பாட்டுப் புத்தகம். நட்சத்திரத்தின் படம் அதன் அட்டையில்தான் ஏறியது. 1931 அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' வெளியாகித் தமிழ்த் திரை பாடத் தொடங்கிய பிறகே பாட்டுப் புத்தகத்துக்கு வழி பிறந்தது. பாட்டே இல்லாத ஊமைப் படத்துக்குப் பாட்டுப் புத்தகம் ஏது? அதற்கு இருந்ததெல்லாம் தெருவில் வண்டியிலிருந்து வீசிய நோட்டீசு. படம் மாறிய மறுநாள் அதில் சுண்டல் மடித்திருப்பார்கள்.

நடராஜ முதலியார் தம் மகனைத் தீ விபத்தில் பறிகொடுத்து, 1923இல் படத் தொழிலையே விட்டார். அதன் பிறகும் 1971 வரை வாழ்ந்தார். நம் பெற்றோரில் சிலர் பள்ளியில் படித்த காலம் அது. விரும்பியிருந்தால் எந்தக் கல்லூரி மாணவனும் நேரில் போய்க் கேட்டிருக்கலாம். இதை எழுதும்போது எனக்குச் சற்றுக் கோபம்கூட வருகிறது.

நந்தியிடமிருந்து நட்சத்திரத்துக்கு

அப்படியானால் நட்சத்திரமும் மிருகமும் சேர்ந்து நிற்கும் வாழ்த்தட்டை நம்மிடம் இல்லவே இல்லையா? இருந்தது. பொங்கல் வாழ்த்து என்ற பெயரில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகு, பொங்கலைத் தமிழர் திருநாள் என்று இயக்கங்கள் எடுத்துச் சொன்ன காலத்தில், அதற்கு வாழ்த்து அனுப்பும் வழக்கமும் வேரூன்றியது. சிவகாசி அச்சகங்கள் வண்ண வண்ணமாக அடித்துக் குவித்தன. 1990கள் வரை, மார்கழி பிறந்தால் பாண்டி பஜாரிலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் பாரிமுனையிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். உறையை ஒட்டாமல் செருகி, 'புக் போஸ்ட்' என்று எழுதிக் குறைந்த தலை ஒட்டினால் போதும். தபால்காரர்களுக்குத் தோள் வலிக்கும் பருவம் அது.

அதில் முதலில் இடம்பிடித்தது மாடு. பானை, கரும்பு, சூரியன், கொம்பில் வர்ணம் பூசிய காளை, ஏர் பிடித்த உழவன். பொங்கலின் மறுநாள் மாட்டுக்கே உரியது. ஆகவே அட்டையில் மாடு நிற்பது அலங்காரத்துக்காக அன்று, உரிமையால். இங்குதான் கீட்டனின் பசுவுக்கும் நம் காளைக்கும் வேறுபாடு புலப்படுகிறது. மேல்நாட்டு அட்டையில் நட்சத்திரத்துக்குத் துணையாக மிருகம் வந்தது. நம் அட்டையிலோ மாடு முன்பே நின்றுகொண்டிருந்தது. உழவன் நின்ற இடத்துக்கு நட்சத்திரம் பின்னால் வந்து சேர்ந்தார். எம்.ஜி.ஆர். நடித்த 'மாட்டுக்கார வேலன்' 1970 ஜனவரி 14ஆம் நாள், பொங்கலன்றே வெளியானது. மாடு மேய்க்கும் வேலன் பொங்கலுக்கு வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் வளர்ந்தவர்களுக்கு ஒருவரை மிருகத்தோடு சேர்த்துப் பார்ப்பது புதிதன்று. ஊரின் பெயரிலேயே மயில். அம்பிகை மயில் வடிவில் பூசித்த தலம் என்பது புராணம். பங்குனிப் பெருவிழாவில் கபாலீசுவரர் அதிகார நந்தி மேல் வரும்போது தெரு முழுவதும் கைகூப்பும். இன்ன தெய்வத்துக்கு இன்ன வாகனம் என்று குழந்தைக்கும் தெரியும். மயிலைக் கண்டால் முருகன், எலியைக் கண்டால் பிள்ளையார். இந்தக் கண் பழக்கத்தோடு ஒருவன் சினிமா அட்டையைப் பார்க்கும்போது, காளையின் அருகில் நிற்கும் கதாநாயகனை வெறும் நடிகனாகவா பார்ப்பான்? லஸ் பகுதியில் இருந்த திரையரங்குக்குக்கூடக் காமதேனு என்றுதான் பெயர் வைத்தார்கள். இப்போது அங்கே படம் ஓடுவதில்லை.

நண்பர்கள் சிலர், "ஊமைப் படத்துக்கும் பொங்கல் அட்டைக்கும் நேர்த் தொடர்பு ஒன்றும் இல்லையே, வலிந்து இழுக்கிறாய்" என்றனர். ஒரு மெல்லிய இழை உண்டு. அது சாண்டோ என்ற பெயர்.

யூஜின் சாண்டோ ஐரோப்பிய பயில்வான். தம் கட்டுடலைப் புகைப்பட அட்டைகளாக்கி உலகெங்கும் பரப்பியவர். 1894இல் சான்பிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு மற்போர் என்று விளம்பரம் செய்து மேடை ஏறினார். சிங்கத்துக்கு வாய்க்கூடும் கால்களுக்கு உறையும் மாட்டியிருந்தார்கள் என்பது வேறு கதை! 1905இல் அவர் இந்தியாவுக்கும் வந்து வித்தை காட்டினார். அவர் பெயர் நம் நாட்டில் பயில்வான்களுக்குப் பட்டமாயிற்று. அந்தப் பட்டத்தைச் சூடிய ஊமைப் பட நட்சத்திரம் ராஜா சாண்டோ. அதே பட்டத்தைச் சூடிய இன்னொருவர் கோவைக்காரரான சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். 1956இல் 'தாய்க்குப்பின் தாரம்' படத்தில் எம்.ஜி.ஆரைக் காளையோடு மோதவிட்டவர். 'ஹாத்தி மேரே சாத்தி' (1971), 'நல்ல நேரம்' (1972) படங்களில் யானைகளையும், 'ஆட்டுக்கார அலமேலு'வில் (1977) ஆட்டுக்கிடாயையும் நடிக்க வைத்தவர். வார்னர் நிறுவனம் 'நாய் பேசாது' என்று கைவிட்ட ஊமைப் படக் கலையை, பேசும் படத்தின் நடுவிலேயே உயிர்ப்பித்தவர் தேவர் என்பது என் கருத்து. அவர் படங்களில் வசனத்துக்குக் குறைவில்லை. ஆனால் யானையும் ஆடும் வரும் இடங்களில் வசனம் நின்றுவிடும். கொட்டகையில் கைதட்டல் எழுவது அங்கேதான்.

இப்போது தியாகராய நகர் ஆற்காடு தெருவுக்குப் போகலாம். எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில், 'அடிமைப் பெண்' (1969) படத்துக்காக அவர் வளர்த்த ராஜா என்ற சிங்கத்தைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நான் போன அன்று ஒரு குடும்பம் தம் சிறுவனைச் சிங்கத்தின் அருகே நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. சிறுவனுக்கு அந்தப் படம் தெரிந்திருக்காது. "இது கத்துமா?" என்று கேட்டான். கான்சஸ் அருங்காட்சியகத்து ஸ்லாட்ஸ் என் நினைவுக்கு வந்தது.

எடைக்குப் போனவை

இவ்வளவையும் ஆராயப் புறப்பட்டவன் தன் குற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். மந்தைவெளியில் எங்கள் பாட்டி வாழ்ந்த வீட்டைக் காலி செய்தபோது நான் பள்ளி மாணவன். பரணில் இரண்டு பிஸ்கட் டப்பாக்கள் நிறையப் பொங்கல் வாழ்த்துகள் இருந்தன. அத்தைமார், மாமாமார், தாத்தாவோடு வேலை பார்த்தவர்கள் என்று எத்தனையோ பேர் ஆண்டுதோறும் அனுப்பியவை. இறக்கி வைத்த என்னிடம் பாட்டி, "ஒரு டப்பாவை நான் பாத்துக்கறேன், இன்னொண்ண நீ பிரிச்சு வை" என்றார். எனக்குக் கிரிக்கெட் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது. வாசலில் வந்த பழைய பேப்பர்க்காரரிடம் என் டப்பாவை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போனேன். என்ன கிடைத்தது என்பதுகூட நினைவில்லை; ஐஸ்கிரீமுக்குக் காணவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

இந்த ஆய்வுக்காக அடையாறைத் தாண்டித் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குச் சென்றபோதுதான் அந்த டப்பாவின் பெறுமதி உறைத்தது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா செட்டியார், நூல்களோடு நாடக நோட்டீசு, அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று பிறர் எறிந்த காகிதங்களையும் வாழ்நாள் முழுதும் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கி, 1994இல் சென்னையிலேயே நூலகமாக நிலைபெறச் செய்தது. ஒரு தனிமனிதர் குப்பை என்று ஒதுக்காததனால் ஒரு காலம் பிழைத்திருக்கிறது. நான் ஒரு மாலை ஆட்டத்துக்காக ஒரு டப்பாவைத் தொலைத்தேன்.

தமிழ்த் திரை வரலாற்றைத் தேடித் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் சு. தியடோர் பாஸ்கரன். 'தி ஐ ஆஃப் தி சர்ப்பென்ட்' என்ற திரைப்பட நூலை எழுதியவரும், இந்திய நாயினங்களைப் பற்றி 2017இல் தனி நூல் எழுதியவரும் அவரே. அஞ்சல் துறையில் உயர்பதவி வகித்தவரும் அவரே. சினிமா, மிருகம், தபால் மூன்றும் ஒருவரிடம் கூடியதை எண்ணி வியந்தேன்.

இந்தியாவில் எடுத்த ஊமைப் படங்கள் ஏறத்தாழ 1,300 என்பர். முழுமையாகவோ துண்டாகவோ இன்று இருப்பவை சுமார் முப்பது. தென்னிந்திய ஊமைப் படங்களுள் தப்பியதாக நாம் அறிவது 'மார்த்தாண்ட வர்மா' (1933) ஒன்றே. அது தப்பிய விதம் வேடிக்கையானது. நாவலின் உரிமையைப் பெற்றிருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையத்தார் வழக்குத் தொடர, படச்சுருள் பறிமுதலாகிப் புத்தகக் கிடங்குக்குப் போனது. ஓடிய படங்கள் தேய்ந்தும் உருக்கப்பட்டும் அழிந்தன. ஓட முடியாமல் புத்தகங்களின் நடுவே கிடந்த படம் மட்டும் 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது.

என் பாட்டி பத்திரப்படுத்திய டப்பா இன்னும் இருக்கிறது. அதிலுள்ள அட்டைகளை எண்ணினேன், அறுபத்து மூன்று. காளையோடு நிற்கும் நடிகர்கள் ஏழு பேர். அவர்களுள் ஒருவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அகன்ற மார்பு, முறுக்கிய மீசை, கையில் மூக்கணாங்கயிறு. பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "ஆளு யாருன்னு தெரியலடா. காளை காங்கேயம்" என்றார்.

பொங்கலுக்கு நான்கு நாள் இருக்கையில் அண்ணா சாலை அஞ்சலகத்துக்குப் போனேன். எலெக்ட்ரிக் தியேட்டராக இருந்த கட்டடத்தில் அஞ்சல்தலை வாங்கினேன். கீட்டனின் அட்டையில் பழைய ஆங்கில வாழ்த்தை அடிக்காமல், அதற்குக் கீழே 'இனிய மாட்டுப் பொங்கல் வாழ்த்துகள்' என்று எழுதி, உறையில் பேராசிரியரின் முகவரியிட்டு, வாசலில் இருந்த பெட்டியில் போட்டேன்.